வெள்ளிக்கிழமை படகு இல்லை

மின்சாரக் கட்டணத் தாளின் பின்பக்கம்
மூன்று பேர், நான்கு இரவு என்று எழுதி
அடியில் ஒரு கோடு கீறினேன்.
சுகிர்தன் எட்டிப் பார்த்து
நான்கை மூன்றாக்கிவிட்டு
முகம் கழுவப் போனார்.

மே மாதம் விமானம் மலிவு.
மழை வருமே என்றால்
அலுவலகத்து ஃபர்சானா சொல்கிறாள்,
"வந்தா என்ன, கடலுக்குள்ள இறங்கினா
நனையத்தானே போறீங்க."
விடுதித் தீவுகளின் பக்கம் தலைவைத்தும் படுக்காதே,
ஊர்ச்சனம் இருக்கிற தீவாகப் பார்,
வேகப்படகு வேண்டாம், சனங்கள் போகிற படகில் ஏறு,
வெள்ளிக்கிழமை மட்டும் அது ஓடாது.
அவள் சொல்லச் சொல்ல
ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் குறித்துக்கொண்டேன்.

பெட்டி ஏழு கிலோவுக்குள்.
அதற்குள் மிதுலாவின் காற்றடிக்கும் வளையம்,
ஆறு பக்கற் நூடில்ஸ்,
ஒரு போத்தல் கட்டச் சம்பல்.
சம்பல் திரவமா திடமா என்று
அரை மணி நேரம் நானும் அவரும்.

சீட்டுக்காசு ஓகஸ்டில்தான் கைக்கு வரும்.

கடல் தெரியும் அறைக்குப் பதினெட்டு டொலர் கூட.
"கடல் பாதி தெரியும்" என்றால் ஒன்பது.
இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை.
வெள்ளவத்தையில் இந்த ஃபிளாட்டைக் காட்டிய புரோக்கர்
குளியலறை யன்னலைத் திறந்து
இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
நாலு விரல் அகலத்தில் ஒரு நீலத்தைக் காட்டி
வாடகையில் ஐயாயிரம் ஏற்றினவர்.
போன வருடம் அந்த இடுக்கில்
யாரோ ஒரு தண்ணீர்த் தாங்கி வைத்தார்கள்.
வாடகை இறங்கவில்லை.

மேல்மாடியில் மாலைதீவுக் குடும்பம் ஒன்று.
தாயின் கண் சத்திரசிகிச்சைக்கு வந்து எட்டு மாதம்.
லிஃப்ட் பழுதான ஒரு பின்னேரம்
மூன்றாம் மாடிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு
ஹவ்வாவிடம் கேட்டேன்,
இருவருக்கும் இரவலான ஆங்கிலத்தில்:
உங்கள் பக்கத்தில் மூன்று நாள்,
ஆகக் குறைந்தது எவ்வளவு முடியும்?

நான் குறித்து வைத்திருந்தது
அவளுடைய தீவுக்கு அடுத்த தீவு.
சிரித்து முடிய அவளுக்கு நேரம் பிடித்தது.
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பதினொரு நிமிடம்,
பள்ளிவாசல், பாடசாலை, மூன்று கடை, ஒரு ஜெனரேட்டர்,
அங்கே எதைப் பார்க்கப் போகிறாய் என்றாள்.
கடலை என்றேன்.
கடலா?
வீட்டுக்கு வந்தவர்
பச்சைத் தண்ணீர் போதும் என்கிறபோது வருமே,
அந்த முகம்.

இங்கே வீடு தேடியபோது
கடல் தெரியாத பக்கம்தான் வேண்டும் என்று கேட்டாளாம்.
புரோக்கர், எங்களுடைய அதே புரோக்கர்,
அதற்கும் ஒரு விலை சொன்னாராம்.

பிறகு கைப்பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள்.
கண் ஆஸ்பத்திரித் தாள், பின்பக்கம்.
நாலு பேர், இரண்டு இரவு.
மலை என்று எழுதி இரண்டு தரம் அடிக்கோடு.
ஒன்பது வயது மகன் மேட்டுநிலத்தைப் படத்தில்தான் கண்டவன்.
மிதிக்காமலே சைக்கிள் இறக்கத்தில் ஓடும் என்றால்
தாய் பொய் சொல்கிறாள் என்கிறானாம்.
மலிவாகப் போய் வரலாமா?

படியிலேயே இருந்துவிட்டோம்.
விடியற்காலையில் கோட்டைக்குப் போ,
மூன்றாம் வகுப்பு போதும்,
நாவலப்பிட்டி தாண்டினால் யன்னலைச் சாத்தாதே,
நானுஓயாவில் ஆட்டோக்காரர் சொல்வதில் பாதியைக் கேள்,
சுவெட்டர் வாங்காதே, என்னிடம் இரண்டு கிடக்கு,
நுளம்புத் திரி அங்கே தேவைப்படாது.
அவள் வலப்பக்கமிருந்து எழுதிக்கொண்டு வந்தாள்.
நான் ரயில் நேரங்களை இடப்பக்கமிருந்து எழுதினேன்.
தாளின் நடுவில் ஆஸ்பத்திரி முத்திரை
மறுபக்கத்து மையோடு ஊறித் தெரிந்தது.

லிஃப்ட் திருத்தியாயிற்று என்று
கீழேயிருந்து காவலாளி கத்தினார்.
எழும்பி, தாளை மடித்து,
இரண்டு படி ஏறியவள்
திரும்பி நின்று கேட்டாள்,
வெள்ளிக்கிழமையும் அது ஓடுமா?